முப்பத்தெட்டும் நாற்பத்துநாலும்

சோதோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
தகரக் கூரையின் கீழ்
எனக்கொரு செருப்புக்கடை.
டயர் செருப்பு, பிளாஸ்டிக் செருப்பு,
சீனத்துக் கான்வாஸ்,
பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் மட்டும்
கறுப்புத் தோல் ஷூ.

எதை விற்றாலும் சோடியாகத்தான் விற்பேன்.
ஒற்றைச் செருப்பு கேட்டு வருகிறவன்
ஒன்று குடித்திருப்பான்
அல்லது நாய் வளர்ப்பான்.

பெலெத்தெச் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள்.
வாசலிலேயே நின்றாள்.
"உள்ளே வா" என்று நான் சொல்லவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பின்னால் நான் நல்லவனாகத் தெரியும்போது
நீங்கள் மறந்துவிடாமலிருக்க.

பாவாடையை ஒரு சாண் தூக்கினாள்.
வலது கால் எல்லோருக்கும் இருப்பது.
இடது கால்
மழையில் ஊறிக் கிடந்த மரத்தடி.
விரல்களை வீக்கம் விழுங்கியிருந்தது,
தோல்மேல் பாசிபோல முடிச்சு முடிச்சாய்.

சாபம் என்பார்கள் எங்கள் பக்கம்.
பாம்பை மிதித்தவள் என்பார்கள்.
அந்த வீட்டில் பெண் எடுக்காதே என்பார்கள்.

"மண்" என்றாள் அவள்.
"நர்ஸ் சொன்னாள்.
கொசு இல்லை, சாபமும் இல்லை,
இந்தச் சிவப்பு மண்தான்
நாற்பது வருஷமாய் உள்ளங்கால் வழியே ஏறியிருக்கிறது.
தினம் சோப்புப் போட்டுக் கழுவு,
எண்ணெய் தடவு,
வெறுங்காலோடு நிற்காதே என்றாள்.
செருப்பு கொடு."

அந்த மண்ணைத்தான் தினம் காலையில்
தண்ணீர் தெளித்து அடக்குகிறேன்.
வாழைபோல நின்று வாழையாகாத
எங்கள் என்செத்தை அதுதான் வளர்க்கிறது.
நட்டவன் காலையும் அதுதான் தின்கிறது.

அளவு பார்க்க வேண்டும்.
பலகை போதவில்லை, நூல் எடுத்தேன்.
என் விரல்கள் முதலில்
நூலின் இரண்டு முனைகளை மட்டுமே தொட்டன.
பிறகுதான் சோப்பு வாசனை வந்தது.
என் காலைவிடச் சுத்தமான கால்.

வலது முப்பத்தெட்டு.
இடது நாற்பத்துநாலு,
அதுவும் வாரை அறுத்து நீட்டினால்.

இரண்டு பெட்டி திறந்து
இரண்டு சோடியைப் பிரித்தேன்.
"ஒரு சோடிக் காசுதான் இருக்கிறது" என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.

மிஞ்சியதை அலமாரியில் வைத்தேன்:
வலது நாற்பத்துநாலு, இடது முப்பத்தெட்டு.
என் மனைவி ஒரு வாரம் பேசினாள்.
"இதற்கு யார் வருவாள்?
கண்ணாடிக்குள்ளிருந்து
இன்னொருத்தி இறங்கி வருவாளா?"

மெஸ்கெல் பண்டிகை வந்தது.
கப்ரியேல் தேவாலய வாசலில்
ஊரே செருப்பைக் கழற்றியது.
பெலெத்தெச்சும் கழற்றினாள்,
கனத்த காலுறையோடு உள்ளே போனாள்.

பூசை முடிந்து வந்தால் வாசல் காலி.
எவனோ சாக்கில் அள்ளிப் போய்விட்டான்.
என் தோல் ஷூவும் போயிருந்தது, புதுசு.
ஒரே ஒரு செருப்புச் சோடி
படியோரம் அப்படியே.

கள்ளனும் வியாபாரிதானே.
முப்பத்தெட்டையும் நாற்பத்துநாலையும்
அவன் எந்தச் சந்தையில் விற்பான்?

அவள் அமர்ந்து, நிதானமாக வார் மாட்டி,
எழுந்து நடந்தாள்.
காப்பிக் கோப்பையை அவளுக்கென்று
தனியாக வைத்தவர்களெல்லாம்
பின்னால் வெறுங்காலோடு.
முந்தின இரவு மழை.
மண் விரலிடுக்கில் ஏறியது.
குளுமையாக, இதமாகத்தான் இருந்தது.
அதுதான் பயமாயிருந்தது.

மறுநாள் கடையில் எள் போட்டால் விழாது.
டயர் போயிற்று, பிளாஸ்டிக் போயிற்று,
அளவு சேராத கான்வாஸும் போயிற்று.
அலமாரியில் அந்த மிச்சம் மட்டும்.

மத்தியானம் பெலெத்தெச் வந்தாள்.
இடது வாரில் ஒரு தையல் விட்டிருந்தது.
வாசலில் நின்றாள்.
"உள்ளே வா" என்றேன்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"எங்கே இடம்?"

உண்மையாகவே இடமில்லை.