எழுமாறாக

கெரம் பலகைக்கு நாலு செங்கல் அடுக்கி
மேசையாக்கினோம்.
பொடியன்கள் தூவிய மாவு இன்னும் ஒட்டியிருந்தது;
தாள் வழுக்கிக்கொண்டே போனது.

முகத்துவாரத்துத் தோட்டம்.
நூற்றிருபது கதவு, மூன்று பைப், ஒன்பது கக்கூஸ்.
போன கிழமை வரைக்கும்
காய்ச்சல்காரனையும் அவன் தொட்டவனையும்தான் தேடினார்கள்.
இனி அப்படியில்லை என்றார் பி.எச்.ஐ. லியனகே.
சும்மா இருக்கிறவனும் வரவேண்டும்.
மூன்று கதவுக்கு ஒன்று,
வீட்டுக்கு ஒருவர், வேலைக்குப் போகிறவர்.
தாளில் 'எழுமாறாக' என்று போட்டிருந்தது.

அந்தச் சொல்லைத் தோட்டத்துக்கு விளங்கப்படுத்தத்தான்
என்னைக் கூப்பிட்டார்கள்.
"சீட்டுக் குலுக்குற மாதிரி" என்றேன்.
"விழுந்தா காசு வருமா?" என்றாள் பிலோமின் அக்கா.

பெயர், வயது, அடையாள அட்டை.
நான் எழுத எழுத ஒவ்வொருவராய் அண்ணாந்தார்கள்.
கராட்டி பழகிய நியாஸ்தான்
எல்லாரையும் விட அழுதான்.

முப்பத்தொன்பதில் ஜெராட்டின் பெண்சாதி
வாசலை அடைத்து நின்றாள்.
"அவர் இல்ல. பேலியகொடைக்குப் போயிட்டார்."
மீன் சந்தை பூட்டி ஒன்பது நாள்.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
"கெதர நே" என்றேன் லியனகேயிடம்.
'வீட்டில் இல்லை' என்று எழுதினேன்.
எழுத்து நேராகத்தான் வந்தது.

என் வீடு நாற்பது. எண்ணிக்கையில் விழவில்லை.
இரண்டு வீட்டுக்கும் ஒரே பலகைச் சுவர்.
நாலு இரவாய்
தலையணைக்குள் வாயை வைத்து அவன் இருமுகிறான்.
அந்தப் பக்கம் தலை வைத்துத்தான் என் மகள் படுக்கிறாள்.
கட்டிலைத் திருப்பிப்போட இடமில்லை.

ஒருவனுக்கு இருந்தால் வரிசை முழுக்க நாடா கட்டுவார்கள்.
பதினான்கு நாள்.
அரிசி வரும் என்பார்கள்.
போன முறை நாலாம் நாள் வந்தது, பருப்பில்லாமல்.
அவள் வாசலை மறித்தது அதற்கு.
நான் எழுதியதும் அதற்கென்றுதான்
எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெயில் ஏற, பெட்டியில் ஒரு குழாய் மிச்சம்.
யாருடையது என்று எனக்குத் தெரியும்.
"நங்கி, ஒயா?" என்றார் லியனகே,
முகக் கண்ணாடி முழுக்க ஆவி.

எழுதுகிறவளுக்குத் தாளில் கட்டம் இல்லை.
அடியில் ஒரு கோடு கீறிப் போட்டேன்:
கிறிஷாந்தி, முப்பத்திநாலு, காய்ச்சல் இல்லை.
கதிரையைக் கொஞ்சம் திருப்பினேன்,
ஜெராட்டின் யன்னலுக்கு நேராக.
அண்ணாந்ததும் தகரம் தெரிந்தது, ஒரு காகம்,
பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால்
யன்னல் சீலை விலகியிருந்தது, நாலு விரலளவு.

"நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டேன்
லியனகேயைப் பார்த்து, சத்தமாய், தமிழில்.
அவருக்கு விளங்கவில்லை.
அவரிடம் கேட்கவுமில்லை.