எள்ளளவு

உன் வேலை ஒன்றுதான், அசையாதே
என்றாள் நர்மந்தாக்.
என் இரு உள்ளங்கைக்குள் ஏழு வயது.
காதோரம் இன்னும் நாடாம் பந்தயப் புழுதி,
குதிரை வியர்வை.
கழுத்துப் பட்டையின் முன்பாதியைக் கழற்றியாயிற்று.
இனி பட்டை நான்தான்.

போன குளிர்காலம் முழுக்க அளந்தோம்:
நேர் அலகு, வளை அலகு, கேமரா வைத்த அலகு,
எது எத்தனை பாகை சாய்க்கிறதென்று
எக்ஸ்ரேயில் எலும்புக்கு எலும்பு கோடிழுத்து.
அவை நல்ல கழுத்துகள்.
டான்சில் எடுக்க வந்தவை.

கை பழகிய அலகைத்தான் முதலில் எடுத்தாள்.
நாக்கைத் தூக்கினாள்.
என் சுண்டுவிரலடியில்
எள்ளளவு நெளிவு.
"வருது" என்றேன்.
எது என்று கேட்கவில்லை, உருவிவிட்டாள்.

கேமராவில் எல்லாம் தெரிந்தது,
ஒருக்களித்த கதவாய்க் குரல்நாண்கள்.
குழாய்தான் வளைவில் திரும்ப மறுத்தது.
எண்பத்தெட்டு, என்றான் கல்சன்.
எண்பத்தொன்று.
மானிட்டரின் சுருதி இறங்க இறங்க
எனக்கு மூக்கு அரித்தது.

நுழைந்தது.
மார்பு எழுந்தது, இரு பக்கமும்.

பட்டையைப் பூட்டிய பிறகும்
என் கைகள் அதே அகலத்தில் நின்றன.
வெளியே அவன் அப்பா,
கடிவாளத்தை மணிக்கட்டில் சுற்றியபடி:
குதிரை தனியாகவே ஓடி வந்துவிட்டது,
நான்காவதாம்.
அவனிடம் சொல்லலாமா?