கழிவு

டிக்கோயா கிளினிக்கில்
முள் தொண்ணூற்றாறில் நின்றபோது
டொக்டர் மிஸ் திட்டவில்லை.
"இன்னும் பதினெட்டு இறங்கணும்" என்றார்,
பஸ் நிறுத்தம் சொல்வதுபோல.

பத்தொன்பது வருசமாய்
மேப்பிரிவு மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறேன்.
கிலோவைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்?
ஈரக்கொழுந்துக்கு ரெண்டு,
படங்குக்கு ஒன்று,
முற்றல் இலை கண்ணில் பட்டால் இன்னொன்று.
பேனா முனையால் நாளுக்கு நூறு கிலோ கழித்தவன்.
என்னிலிருந்து ஒன்றைக் கழிக்க
ஒரு மாதம் போதவில்லை.

முதல் வாரம் உற்சாகம்.
ஹட்டனில் வெள்ளைச் சப்பாத்து வாங்கினேன்,
வீட்டில் பாதி விலை சொன்னேன்.
விடிய ஐந்துக்கு, பெரட்டுக்கு முன்,
கரத்தை ரோட்டில் ஏறித் தண்ணித் தாங்கி வரை.
பத்தாம் வளைவில் என் மூச்சு
கியர் விழாத லொறியாய் இரைந்தது.
அட்டைகள் மட்டும்
என்னைக் குறைக்க உண்மையாய் உழைத்தன.

பிளேன்டீக்குச் சீனியை
உள்ளங்கையில் வைத்து நக்குகிற நாக்கு இது.
வெறும் கையை முகர்ந்து முகர்ந்து குடித்தேன்.

மூன்றாம் வாரம் மழை.
மழை நல்ல காரணம்.
அப்புறம் பனி, அப்புறம் சம்பள நாள்,
அப்புறம் மச்சான் மகளின் சடங்கு,
மூன்றாம் முறையும் வேண்டாமென்று சொல்லாத இலை.
சப்பாத்துக்குள் ஒரு தவளை குடியேறியது.
துரத்தவில்லை.
யாராவது பயன்படுத்தட்டும்.

ஒரு மதியம், மடுவத்தில் ஆளில்லை.
தராசுக் கொக்கியில் படங்கைக் கட்டி
நானே ஏறிக் குந்தினேன்.
கூரைக் கம்பு முனகியது.
கழுத்தைத் திருப்பி முள்ளைப் பார்க்க முடியவில்லை.
"தொண்ணூத்தஞ்சு" என்றது ஒரு குரல்.
பரிபூரணம். பின்னால் ஒரு நிரைப் பெண்கள்.
"ஐயா, ஈரமா இருக்கீங்க. ரெண்டு கழிச்சுக்கங்க."
"முத்தலும் தெரியுது" என்றாள் இன்னொருத்தி,
"அதுக்கொண்ணு."
மடுவமே சிரித்தது.
நானும் சிரித்தேன், தொங்கிக்கொண்டே.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருசம்.
தொண்ணூற்றாறால் வகுத்தேன்,
எத்தனை நான் வருகிறேன் என்று.
ஐந்நூறாவது ஆளோடு
பேனாவை மூடிவிட்டேன்.

மறுநாள் தவளையை எடுத்துப் பீலிக்கரையில் விட்டேன்.

பழைய செக்ரோலின் பின்பக்கம்
இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது.
தாங்கி வரை போனால் முழுப்பேர்.
மதகோடு திரும்பினால் அரைப்பேர்.
போகாத நாளுக்குப் பேரில்லை,
காய்ச்சல் என்றாலும், மழை என்றாலும்.
அவர்களுக்கு நான் அப்படித்தானே போட்டேன்.
இந்த மாதம் அரைப்பேர்தான் அதிகம்.
மலைக்குப் போகும் பரிபூரணம்
என்னைத் தாண்டிப் போகிறாள், வெறுங்கூடை முதுகில் ஆட.
எனக்காக நிற்பதில்லை.
அவள் குதிகாலைப் பார்த்தபடி
இன்னும் பத்து எட்டு வைக்கிறேன்.

தொண்ணூற்றிரண்டு.

நேற்றுப் படங்கைத் தனியாகத் தொங்கவிட்டு நிறுத்தேன்.
எழுநூறு கிராம்.
இனி அதற்கு எழுநூறுதான்.
மாதக் கணக்கு இடிக்கும்.
துரை கூப்பிட்டுக் கேட்பார்.
கேட்டால் என்ன சொல்வது?
தராசு பழசு என்பதா,
இந்த மாதம் வெயில், கொழுந்தில் ஈரமில்லை என்பதா,
இல்லை, படங்கையே மேசையில் வைத்துவிடுவதா
என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

திரும்பிப் பார்த்தால்
பத்தாம் வளைவு கீழே கிடந்தது.