கழிவு போக

நாற்பத்தெட்டு என்று சொல்லியிருந்தேன்.
மூன்று மணிக்கு வரச் சொன்னேன்,
கடற்காற்று ஏறி, கொடுங்கையூர்ப் புகையை
அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருக்கும் நேரம்.
ஞாயிற்றுக்கிழமை; கன்டெய்னர் லாரிகள் குறைவு.
விற்கிறவளுக்கும் பஞ்சாங்கம் உண்டு.

புரோக்கர் கன்னியப்பன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
திரும்பித் தெருவை ஒரு தரம் பார்த்தார்.
"நேரா வந்து குத்துதும்மா. தெருக்குத்து.
நாலு கழிச்சிக்கணும்."
பத்தொன்பது வருஷமாக அந்த வழியாகத்தான்
காற்று வீட்டுக்குள் வந்தது.
அதற்காக ஒருவரும் நாலு கூட்டிக் கொடுத்ததில்லை.

வாங்க வந்த டில்லிபாபு
ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டினார்.
நடுவில் ணங் என்றது,
சமையலறை ஓரம் பொத் என்றது.
ஒரு சில்லு உதிர, உள்ளே கம்பி
வெற்றிலை போட்ட வாயாகச் சிரித்தது.
மூன்று.

ஹால் சுவரில், முழங்காலுக்குச் சற்று மேலே,
கால்வாய் வீட்டுக்குள் வந்த வருஷத்தின் கோடு.
பட்டி பார்த்தாயிற்று, பிரைமர் அடித்தாயிற்று,
தை பிறந்தால் திரும்ப எழுந்து வருகிறது.
தண்ணீர் போய்விட்டது; அளவு போகவில்லை.
பாதியை பீரோவால் மறைத்திருந்தேன்,
மீதியை முந்தாநாள் பெயின்ட்டால்.
டில்லிபாபு மூக்கை உறிஞ்சினார்.
"இந்தச் செவுத்துக்கு மட்டும் எதுக்கும்மா புதுசா?"
இரண்டு.

கக்கூஸ் ஈசானி மூலையில். ஒன்று.
அங்கேதான் சாக்கடை லைன் போகிறது.
மெட்ரோ வாட்டர்காரன்
வாஸ்து பார்த்துத் தோண்டவில்லை.

"அப்புறம் கேட்டு.
கேட்டுக்கு அந்தாண்ட இருந்தா ரேட்டே வேற. மூணு."

பிறகு குரலை இறக்கினார்.
"தப்பா நெனைக்காதீங்க.
வூட்டுக்குள்ள யாராச்சும்... அகாலமா?"

இல்லை என்றேன்.
பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவும் தயார்.
எத்திராஜ் வீட்டுக்குள் சாகவில்லை.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு,
தன் காலால் நடந்து போய் ஆட்டோவில் ஏறினார்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ்.
நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
எண்ணி முடித்தால் திறந்துவிடும் என்பதுபோல.
நாற்பத்தொன்றாவது பெட்டியில்
என் தோளில் பாரம் கூடியது.
ஸ்டான்லி அங்கிருந்து ஏழு நிமிஷம்.

"அப்ப அதுக்குக் கழிவு இல்ல"
என்றார் கன்னியப்பன், பெருந்தன்மையாக.

முப்பத்தைந்தில் நின்றது.

டில்லிபாபுவின் மனைவி புனிதவல்லி
அதுவரை வாயைத் திறக்கவில்லை.
ஏழாம் மாசம். ஒரு கை பீரோவின் மேல்.
"கேட்டு போட்டா எவ்ளோ நேரம்க்கா?"

"அஞ்சு நிமிசம்," கன்னியப்பன் முந்திக்கொண்டார்.

எங்களுக்கு விற்றவரும் அதே அஞ்சைத்தான் சொன்னார்.
நாங்களும் கூரையைத் தட்டினோம், மூலை பார்த்தோம்,
தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினோம்,
அதை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

"பகல்ல பத்து," என்றேன்.
"கூட்ஸுன்னா பதினேழு.
ராத்திரியில ஒண்ணு பின்னால ஒண்ணு வரும்,
அரைமணி நேரம்கூட ஆவும்."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
டில்லிபாபு ஒரு விரலைத் தூக்கினார்.
தலையாட்டினேன்.
முப்பத்துநான்கு.

அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கம்
அவளுக்கு ஒரு வழி வரைந்து கொடுத்தேன்,
நான் நாலு வருஷம் தாமதமாகக் கண்டுபிடித்தது:
வலி எடுத்தால் கேட்டுப் பக்கமே திரும்பாதே.
தண்டையார்பேட்டைப் பக்கம் விடு, பாலம் வரும்.
மூன்று கிலோமீட்டர் சுற்றுதான்,
ஆனால் வண்டி எங்கேயும் நிற்காது.
பால் பூத்தருகே ஒரு பள்ளம்,
அங்கே மட்டும் மெதுவாகப் போகச் சொல்.

அவள் அதை இரண்டாக மடித்து,
பிறகு நாலாக மடித்து,
பர்ஸில் சில்லறைக்குப் பின்னால் வைத்தாள்.
கன்னியப்பன் வாசலில் நின்று
கமிஷனில் எவ்வளவு போயிற்று என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.