மைக்கிலிருந்து ஒன்றரை அடி

நான்கு பேருக்கும் ஒரே மைக்.
எஞ்சினியர் ஹார்லன், காதில் செருகிய சிகரெட்டோடு,
தரையில் சாக்பீஸால் குறி போட்டான்.
மெல்வாவுக்கு மூன்றடி தள்ளி: அவள் குரல் ஊசி.
ஜெனீவா அவளுக்கு இடப்பக்கம்.
அடிக்குரல் டெஸ் குனிந்தால் மைக்கை முத்தமிடலாம்.
எனக்கு ஒன்றரை அடி.
"இங்கேயே நில், ஆர்டித்.
மூச்சு வாங்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்."

அதற்குமுன் டொலீடோவில்
கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தேன்.
வார்ப்பிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளைக்
குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டுவது வேலை.
நல்ல ஜாடி நீளமாகப் பேசும்.
விரிசல் விழுந்தது ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும்.
நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து வருடம்.
சங்கீதம் யாரிடம் படித்தாய் என்று வானொலிக்காரர் கேட்டார்.
ஜாடிகளிடம் என்றேன். சிரித்தார்.
விளம்பரத்தில் 'தேவாலயத்தில்' என்று போட்டுக்கொண்டார்கள்.

மெட்டு மெல்வாவுடையது.
எனக்கு வந்தது நடுவில் மிச்சமிருந்த சுரம்.
எட்டு வரி ஒரே இடத்தில் நிற்பேன்,
பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல.
பிறகு அரைச் சுரம் இறங்குவேன்.
அந்த இறக்கத்தில்தான்
அவன் இனி வரமாட்டான் என்பது
கேட்பவர் வயிற்றுக்குத் தெரியும்.
மெல்வா அதை வார்த்தையில் சொல்ல
இன்னும் இரண்டு வரி இருக்கும்.

ஒரே துணியில் வெட்டிய நான்கு கவுன்கள், எலுமிச்சை மஞ்சள்.
அக்ரன். ஃபோர்ட் வெய்ன். பியோரியா.
காரின் பின்சீட்டில் டெஸ் தூக்கத்திலேயே தன் பங்கை முனகுவாள்.
நாங்கள் மூவரும் மெல்ல அதன்மேல் ஏறிக்கொள்வோம்.
திடுக்கிட்டு எழுந்து, "யார் பாடியது?" என்பாள்.
யாருமில்லை, தூங்கு என்போம்.
வெளியே சோளக்காடு, இருட்டு, மைல் கணக்கில்.

ஐம்பத்தாறு மார்ச்சில் என் கவுன் கொக்கி மாட்டவில்லை.
டெஸ்தான் முதலில் பார்த்தாள்; ஒன்றும் கேட்காமல் ஊக்குப் போட்டுவிட்டாள்.
மே மாதம் ஊக்கும் போதவில்லை.
மேலாளர் பிரென்டிஸ் மிக மரியாதையாகப் பேசினார்,
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

டிரென்டனிலிருந்து ஒருத்தி வந்தாள்.
என்னைவிட உயரம், என்னைவிட நல்ல பல்வரிசை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரு சுரம்கூடத் தவறவிடவில்லை அவள்.
ஹார்லன்தான் எழுந்துபோய்
என் குறியைச் செருப்பால் தேய்த்து அழித்து
இரண்டங்குலம் தள்ளிப் போட்டான்.
அந்த இரண்டங்குலத்தைப் பற்றி
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
நான் பாடிய இசைத்தட்டின் உறையில்
அவள்தான் சிரிக்கிறாள்.
நன்றாகவே சிரிக்கிறாள்.

நேற்று மளிகைக்கடை வரிசையில்
கல்லாவுக்கு மேலிருந்த ரேடியோவில் அந்தப் பாட்டு.
என்னையறியாமல் முனகியிருக்கிறேன்.
கல்லாப் பையன் கேட்டான்: "அது என்ன பாட்டுங்க?"
"இதுதான்," மேலே காட்டினேன்.
"இல்லையே. இது இப்படிப் போகும்" என்று
பெருந்தன்மையாக எனக்கு மெட்டைச் சொல்லிக்கொடுத்தான்.
குரல் மோசமில்லை.
நான் என் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.
முதல் வரி, இரண்டாம் வரி,
உருளைக்கிழங்கு, சோப்பு, மகளின் பால்மாவு
ஒவ்வொன்றாக அவன் கையைத் தாண்டின.
எட்டாம் வரி முடிவில் இறங்கினேன்.

பையன் கை முட்டைப் பெட்டிமேல் அப்படியே நின்றது.
பின்னால் நின்ற பெண்மணி இருமினாள்.
ஒரு டாலர் எண்பது சென்ட் என்றான்,
என்னைப் பார்க்காமல்.