மார்ச் இருபத்தாறு

அதிகாலை மூன்று மணிக்கு
பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில்
லாரியின் பின்கதவு இறங்கும்போது
எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான்:
வெங்காயம் போனால் பணம் வர வேண்டும்.

பிலேந்திரனின் உணவகத்துக்குப் போனது.
கேலாங்கில், முனைக்கடை.
பதினொரு மாதம் மூட்டை மூட்டையாக,
மஞ்சள் நகல் தாளில்
அவருடைய சமையல்காரர் கையெழுத்தோடு போனது.
"அடுத்த வாரம், மேடம்."
அது நாட்காட்டியில் இல்லாத வாரம் என்று
தெரிந்துகொள்ள எனக்கு
எழுபத்திரண்டாயிரம் வெள்ளி ஆனது.

கடை சாத்தியபின் விசாரித்தோம்.
ஜூ சியாட் வீடு அவருடையது இல்லை.
வாடகை வருகிற இரண்டு கடைகளும் இல்லை.
எல்லாம் டிரஸ்டில் இருக்கிறது என்றார்
என் வழக்கறிஞர் ஃபெலிசியா தியோ,
ஆறிப்போன கோப்பியைக் கலக்கிக்கொண்டே.
சொத்து ஒருவர் பெயரில், பலன் இன்னொருவருக்கு.
கொடுத்தவர் நடுவிலிருந்து விலகிக்கொள்கிறார்.
பிறகு அவரைப் பிடித்து உலுக்கினாலும்
உதிர ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில்
அதற்கும் நம்பிக்கைக்கும் ஒரே சொல்.
நானும் நம்பித்தான் கொடுத்தேன்.
என் நம்பிக்கைக்கு
முத்திரைத் தீர்வை கட்டவில்லை, அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள்.
நான் பூசணி விற்கிறவள்.
அதன் எடை எனக்குத் தெரியும்.
எத்தனை அண்டாச் சோறு வேண்டும் அதற்கு!

ஃபெலிசியா மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார்.
என் செக் திரும்பியது மார்ச் நான்கு.
வீட்டையும் ஒரு கடையையும் எழுதிக்கொடுத்த பத்திரம்
மார்ச் இருபத்தாறு.
அறங்காவலர், மைத்துனர்.
(அறமும் காவலும் சேர்ந்த அந்தச் சட்டை
அவருக்குத் தொளதொளவென்றிருந்தது.)
பலன் மனைவிக்கு.
ஆனால் பிலேந்திரன் அதே வீட்டில்,
அதே அறையில், அதே ஜன்னலோரம் தூங்கினார்;
அவர் தலையசைத்தால்தான்
மைத்துனரின் பேனா அசைந்தது.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபின்
கட்டிய சுவர் இது என்றேன்.
ஃபெலிசியா இன்னும் சுருக்கமாகச் சொன்னார்:
"தேதி."

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்.
உயர் நீதிமன்றம் அதையே
முப்பத்தொரு பக்கத்தில் சொன்னது.
வீடு திரும்ப வந்தது. அந்தக் கடையும் வந்தது.

இரண்டாவது கடை வரவில்லை.

அந்தப் பத்திரத்துக்குப் பதினான்கு வயது.
உணவகத்து வரிசை நடைபாதைவரை நின்ற காலம்.
யாருக்கும் ஒரு காசு பாக்கியில்லை அப்போது.
அறங்காவலர் ஒரு நிறுவனம்;
பிலேந்திரனிடம் ஒரு சாவிகூட இல்லை.
வாடகை முழுதும் ஜெரோமுக்கு,
அவர் மகனுக்கு,
தன் பெயரை ஒருநாளும்
எழுதப் போகாதவனுக்கு.

"இதைத் தொட முடியாது" என்றார் ஃபெலிசியா.
"முயன்று பார்க்கலாமே?"
கேட்டேன். மறைக்க மாட்டேன், கேட்டேன்.
அவர் கோப்பை மூடிவிட்டார்.

தீர்ப்பு நாளில் அவனைப் பார்த்தேன்.
காதில் பெரிய ஹெட்போன்.
லிஃப்ட் கதவின் மேல் மாறும் எண்களை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிலேந்திரன் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்,
என்னைப் பார்க்காமல்.
நான் படியில் இறங்கினேன். ஐந்து மாடி.

வங்கி முதலில் எடுத்தது.
மற்றவர்களோடு பங்கிட்டு எனக்கு வந்தது
வெள்ளிக்கு இருபத்தொன்பது காசு.

அந்த மாதக் கடைசியில்
காப்புறுதி முகவர் படிவத்தோடு வந்தார்.
பாலிசியை மகள் பெயரில்
மாற்ற முடியாதபடி எழுதிவைத்தால்
நாளைக்கு யார் வந்து கேட்டாலும்
அது அவளுக்குத்தான் என்றார்.
பேனாவைத் திறந்துவிட்டேன்.
தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது.

கேமரன் மலைத் தக்காளிக்காரர் தம்புவுக்கு
போன் போட்டு, பாக்கி எவ்வளவு என்றேன்.

சொன்னார். நான் நினைத்ததைவிட அதிகம்.
"அவசரமில்லம்மா,
அடுத்த வாரம் குடுத்தாப் போதும்."

பேனாவை மூடினேன்.