வெள்ளையில் வெள்ளை

பாசையூர் ஐஸ் டிப்போவிலிருந்து
விடியப்புறம் மூன்றரைக்கு அழைப்பு.
"பிள்ளை, உங்கட பட்டனுகளில
ஒரு எழுத்தையும் காணேல்லை."
அமலதாசன். இரவுக் கணக்கர்.

கொக்குவிலில், பாயில் இருந்தபடி
அவர் திரையை என் திரைக்கு எடுத்தேன்.
கண் கூசுதென்று
முழுக் கணினியையும் இருட்டுக்கு மாற்றியிருக்கிறார்.
சாளரம் கறுப்பு. பட்டியல் கறுப்பு.
நடுவில் என் பட்டன்கள் மட்டும்
புதுச் சுண்ணாம்பு மதில்போல,
பெயரில்லாமல்.

ஆயத்தமாய்க் கிடைப்பது வேண்டாமென்று
நானே வரைந்தவை.
மூலை வளைவுக்கு ஒரு கிழமை,
நிழலுக்கு இரண்டு இரவு.
எழுத்தின் நிறத்தை மட்டும் கணினியிடம் கேட்டேன்;
பின்னணிக்கு
இருநூற்றைம்பத்தைந்தை மூன்று தடவை
கையால் எழுதிவைத்தேன்.
பகலில் ஒரு குறையுமில்லை.
இரவில் அது வெள்ளை எழுத்தைத் தந்தது,
நான் வெள்ளைத் தாளை நீட்டிக்கொண்டு நின்றேன்.

படகுகள் கரைக்கு வர ஒரு மணித்தியாலம்.
எண்களை அழித்தேன்.
எழுத்தைக் கேட்ட வாயாலேயே
பின்னணியையும் கேள்,
விளிம்பையும், அமத்தேலாத பட்டனின்
சாம்பலையும் கேள்.
நிறம் மாறினால் சொல்லச் சொல்.
சொன்னதும் திரும்ப வரை.

"ம்... இப்ப தெரியுது."
அவருக்குப் பின்னால் ஐஸ் உடைபடும் சத்தம்.

ஒன்றை மறந்துபோனேன்.
கடன் வரிக்கு நான் வைத்த கடுஞ்சிவப்பு
கறுப்பில் மங்கிக் கிடந்தது.
அதையும் மாத்தவா அண்ணை?

"விடுங்கோ.
குனிஞ்சு பாத்தா எனக்குத் தெரியுது.
மேசைக்கு அங்கால நிண்டு
எட்டிப் பாக்கிறவனுக்கு
ஆற்றை கடனும் தெரியத் தேவையில்லை."